நொண்டாத குதிரை

மயிலாப்பூர் குளத்தங்கரை ஜட்கா ஸ்டாண்டில் லாடம் அடித்துக்கொண்டிருந்த இனாயத் பாய்க்கு எதைக் கண்டும் குமட்டியதில்லை. அழுகிய குளம்பைக் கத்தியால் சுரண்டும்போது ஒரு நாற்றம் கிளம்பும். அதை ஒருமுறை முகர்ந்தவன் மூன்று நாள் சோற்றுப் பக்கம் திரும்பமாட்டான். இனாயத் அந்தக் கையைத் தவிடு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, அடுத்த நிமிஷமே பன்னை டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொள்வார். சீழும் புழுவும் ரத்தமும் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் வயிற்றைப் புரட்டியதெல்லாம் மனிதர்கள்தான்.

"கத்தினாத்தான் வலின்னு நெனைக்கிற கபோதிங்க! அத்தோட கண்ணைப் பாருங்கடா!" என்று வண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டேதான் சுத்தியலைக் கையில் எடுப்பார்.

"இன்னா நைனா, குதிரை உங்கிட்ட உருதுல பேசுதா, தமிழ்ல பேசுதா?" என்று அவர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

"ரெண்டுலயும் பேசும். உன்னைப் பத்திப் பேசும்போது மட்டும் கெட்ட வார்த்தைல பேசுது."

சிரிப்பார்கள். ஆனால் ஒரு குதிரை சுணங்கினால் அவரிடம்தான் ஓடி வருவார்கள். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாய்க்கு அடிபட்டால் தெருவுக்கே கேட்கும். பூனை எங்காவது இருட்டில் போய்ப் பதுங்கும். மாடு பல்லை நறநறவென்று கடிக்கும். குதிரைதான் பொல்லாத அழுத்தம். நொண்டுவதைத்தான் புலி முதலில் பிடிக்கும் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறிப்போன பயம். புலியே இல்லாத மயிலாப்பூரிலும் அது வலியை விழுங்கிக்கொண்டுதான் நிற்கும். மூக்குத் துவாரம் இறுகும். கண்ணுக்கு மேலே ஒரு சுருக்கம் விழும். வாயில் கவ்விய புல்லை மெல்லுவதை மறந்து, அப்படியே வைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புல்லைப் பார்த்துவிட்டால் போதும், எந்தக் கால் என்று இனாயத் சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் அவர் கற்றது கிண்டி ரேஸ் மைதானத்து லாயத்தில், இளவயதில். ஒருநாள் பந்தயத்தில் பழுப்புக் குதிரை ஒன்றுக்கு முன்கால் முறிந்தது. முறிந்த கால் தோலில் தொங்க, மூன்று காலால் அது ஓட்டத்தை ஓடி முடித்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பிறகு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு அதைச் சுட்டார்கள். குதிரை முனகக்கூட இல்லை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு சீமாட்டி கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து விம்மினாள். விம்மி முடித்ததும், சோடாவில் ஏன் ஐஸ் போடவில்லை என்று வேலைக்காரனிடம் எரிந்து விழுந்தாள். இனாயத் அன்றோடு கிண்டியைத் தலைமுழுகிவிட்டு மயிலாப்பூருக்கு வந்துவிட்டார்.

மனிதர்களின் வலியும் அவர் கண்டதுதான். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிதம்பரநாதன் திருநெல்வேலிச் சீமைக்காரர், நல்ல ஆகிருதி. ஒருமுறை வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்க வந்து நின்றபோது, தரையில் கிடந்த லாட ஆணி அவர் கட்டைவிரலில் நெல்முனை அளவு குத்திவிட்டது. அவர் போட்ட கூச்சலில் பூக்காரிகள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்கள். "பாய்! உசுரு போகுதுவே! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கவே!" பக்கத்தில் அவருடைய மாடு நான்கு குளம்பிலும் முப்பத்திரண்டு ஆணி வாங்கிக்கொண்டு சும்மா படுத்திருந்தது. இனாயத் ஆணியைப் பிடுங்கி, விரலில் மஞ்சளை அப்பினார். "மாட்டைப் பாத்துக் கத்துக்கோ செட்டியாரே" என்றார். சிதம்பரநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் செட்டியாரும் இல்லை. ஆனால் அன்று முதல் கால்நடை விஷயத்தில் பாய் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

இப்படி ஊரார் வலியையெல்லாம் கண்ணால் அளந்த மனிதரின் வீட்டிலேயே ஒரு வலி வந்து உட்கார்ந்தது.

ஜஹீதா அவருடைய ஒரே மகள். தாயில்லாப் பெண். கிண்டியில் குதிரைத் தரகு செய்துவந்த அக்பர் பாஷாவின் மகன் காதருக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார். சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஓடிப்போன ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்த வருஷம். அந்த மழைக்காலத்தில் ஜஹீதாவின் எட்டு மாதக் குழந்தை இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டது.

ஜஹீதா அழவில்லை. குழந்தையை அடக்கம் செய்ய எடுத்துப் போன பிறகு, அதன் சட்டைகளையெல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்தாள். வீட்டைப் பெருக்கினாள். உலை வைத்தாள். "சபர் வேண்டும், பொறுமை வேண்டும்" என்று ஓதிய வாய்களே மூன்றாம் நாள், "பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி கீதா பாரு!" என்று முணுமுணுத்தன. மாமியார் கைசர் ஜஹான் அதைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவளோ மார்பில் அறைந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் கழுத்தையெல்லாம் கட்டிக்கொண்டு கதறியவள். "கல்லு நெஞ்சுக்காரி! புள்ளையை முழுங்கிட்டு உலை வெக்கறாளே, இவ பொம்பளையா, பேயா?" என்று தெருவில் நின்று கத்தினாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாளே பெட்டியோடு பெண்ணைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காதர் வாசல்வரை வந்தான். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டான்.

கச்சேரி ரோடு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இனாயத்தின் ஓட்டு வீடு. ஜஹீதா அங்கேயும் பெருக்கினாள், உலை வைத்தாள். பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ தினம் வந்து, "அழுதுடு கண்ணு, அழுதாத்தான் அவங்க ஏத்துக்குவாங்க" என்று புத்தி சொல்லிவிட்டு, போகும் வழியில் நாலு வீட்டில் அதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். இனாயத் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான். அவர்கள் இவளைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காதருக்கு இன்னொருத்தியைக் கட்டிவிடுவார்கள். தான் கண்ணை மூடிய பிறகு இந்தப் பெண் யார் வாசலில் போய் நிற்பாள்?

குதிரை வாயில் புல்லைக் கண்டுபிடிக்கிற கண், மகள் தட்டைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பிற்பகல், அக்பர் பாஷா தானாகவே தேடி வந்தார். கையில் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று. ரேஸிலிருந்து கழித்துவிட்ட குதிரை. நல்ல உயரம், பட்டுப்போல மேனி. ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலை மேலே எழும்பியது. வலது முன்காலில் நொண்டல்.

"பாய், உன் ஜவுளிக்கடைக்காரருக்கு பெட்ரோல் ரேஷன் சீட்டு கெடைக்கலியாம். காரு ஷெட்ல தூங்குது. கோச்சு வண்டிக்குக் குதிரை வோணுமாம். நாளைக்குக் காலைல இத்தைக் காட்டப் போறேன். நீ வந்து நல்ல குதிரைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாங்கிடுவாராம்."

இனாயத் குதிரையின் முகத்தைப் பார்த்தார். "குளம்புக்குள்ள பழம்புண்ணு. ஆறாது. இத்து வண்டி இஸ்க்காதுங்க சம்பந்தி."

"அத்து எனக்குத் தெரியாதா? அதான் உங்கிட்ட வந்துகீறேன்." அக்பர் பாஷா குரலைத் தாழ்த்தினார். "இடது கால்லயும் ஒரு கல்லை வெச்சு லாடம் கட்டிடு."

இது தரகர்களுக்குள் உள்ள வழக்கம். 'சமன் கட்டுவது' என்பார்கள். நல்ல காலின் அடியில், லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே, ஒரு சின்னக் கல்லை வைத்து ஆணி அடித்துவிடுவது. ஒரு காலில் மட்டும் வலித்தால் குதிரை நொண்டும். இரண்டு காலிலும் ஒரே அளவு வலித்தால் எந்தக் காலைத் தாங்கி நொண்டும்? நேராகவே நடக்கும். வாங்குகிறவன் தட்டிப் பார்த்து, நடத்திப் பார்த்து, சந்தோஷமாக அழைத்துக்கொண்டு போவான்.

இனாயத் கையை உதறினார். "இந்த அசிங்கத்தை நான் இந்த வயசு வரைக்கும் தொட்டதில்லீங்க. வேற ஆளைப் பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன்." அக்பர் பாஷா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அப்பால உன் பொண்ணுக்கும் வேற ஆளைப் பாத்துக்கோ" என்றார்.

இனாயத் நிமிர்ந்தார்.

"இத்தைச் செய்து குடு. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் பொண்ணை இட்டுக்கினு வா. நான் சேத்துக்கறேன். என் பேச்சை மீறி எம் பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசமாட்டா."

பெற்ற மனம் என்ன செய்யும்! தரையையே பார்த்துக்கொண்டிருந்த இனாயத் ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

அக்பர் பாஷா குதிரையின் மேலுதட்டைக் கயிற்றுச் சுருக்கில் மாட்டி முறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படி முறுக்கினால் குதிரை அசையாது. சாதுவாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். இனாயத் இடது காலைத் தூக்கி மடியில் வைத்தார். சுத்தமான, திடமான குளம்பு. புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி, மெத்தென்ற இடமாகப் பார்த்து வைத்து, லாடத்தைப் பொருத்தி அடித்தார். குதிரையின் தோல் தோளிலிருந்து தொடைவரை ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான். சத்தமே இல்லை.

அவிழ்த்து நடத்தியபோது தலை எழும்பவில்லை. ராணி மாதிரி நடந்தது.

"சபாஷ்! எங்க போச்சு வலி?" என்று அக்பர் பாஷா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். புகையிலைச் சாற்றைக் குதிரையின் காலடியிலேயே துப்பினார். போகும்போது திரும்பி, "இன்னொண்ணு பாய். நாளைக்குப் பொண்ணை அழுதுக்கினே வரச் சொல்லு. தெருவுல நாலு பேரு காதுல வுழணும். மாமியா காலைக் கட்டிக்கினு அழட்டும். அவளுக்கு அதான் குறை" என்றார்.

அன்று சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே இனாயத் வீடு திரும்பினார். தன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தார். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கு உன்னை ஏத்துக்கறாங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. போறப்ப கொஞ்சம் அழுதுடு."

ஜஹீதா தலையை ஆட்டினாள். "சரி பாவா. எப்படி அழணும்?"

"எப்படின்னா... எல்லாரும் அழுவற மாதிரிதான்."

"எனக்கு வரலியே பாவா. நீ சொல்லிக் குடு."

ஐம்பத்தைந்து வயது மனிதர், முழங்காலைக் கட்டிக்கொண்டு, "யா அல்லா, எங் கொழந்தே... எங் கண்ணே..." என்று இழுத்துக் காட்டினார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அதே ராகத்தில், அதே இழுப்பில், "எங் கொழந்தே... எங் கண்ணே..." என்று திருப்பிச் சொன்னாள். குரல் வறண்டு, மரக்கட்டையை அரத்தால் ராவுவதுபோல வந்தது. நிறுத்திவிட்டு, "இவ்ளோ சத்தம் போதுமா? கண்ணுல தண்ணி வரலே. கொஞ்சம் மொளகாத்தூள் வெச்சுக்கட்டுமா பாவா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் இனாயத் அவள் முகத்தைப் பார்த்தார். மூக்குத் துவாரம் இறுகியிருந்தது. கண்ணுக்கு மேலே அந்தச் சுருக்கம். பக்கத்தில் அவள் பாதி தின்றுவிட்டு வைத்த தட்டு. வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது. உள்ளே ஒரு கவளம், மெல்லப்படாமல் அப்படியே இருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இனாயத் எழுந்து வாசலுக்கு ஓடினார். சாக்கடை ஓரம் குனிந்து குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். எத்தனையோ அழுகல் புண்ணைத் தொட்ட கை. இன்று அந்தக் கையைக் கண்டுதான் குமட்டியது. எத்தனை முறை கழுவியும் அது போகவில்லை.

மறுநாள் காலை, தியாகராய நகரில் சிதம்பரநாதனின் பங்களா. முற்றத்து மணலில் சாம்பல் குதிரையை அக்பர் பாஷா இப்படியும் அப்படியும் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். வண்டிக் கொட்டகையில் புது மெத்தை தைத்த கோச்சு தயாராக நின்றது.

"வாரும் பாய், உமக்காகத்தான் காத்திருக்கேன்" என்றார் சிதம்பரநாதன். "எம் மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி வேணும். குதிரையைப் பாத்தா லட்சுமிகரமா இருக்கு. நீரு என்ன சொல்லுதீரு?"

அக்பர் பாஷா இனாயத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இனாயத் நேரே போய்க் குதிரையின் இடது காலைத் தூக்கினார். பையிலிருந்து குறட்டை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். லாடம் கழன்றது. கூடவே அந்தக் கல் மணலில் விழுந்தது. லாடத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப நடத்துங்க" என்றார்.

குதிரை நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் தலை மேலே எழும்பியது. குழந்தைக்கும் தெரியும் நொண்டல்.

சிதம்பரநாதன் கல்லைக் குனிந்து பார்த்தார். முகம் கோணியது. "இதை யாருவே வெச்சது?"

"நான்தான். நேத்து."

"நீரா?" அவர் இரண்டடி பின்வாங்கினார், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. "வயித்துப்புள்ளக்காரி ஏறுத வண்டிவே! நடுரோட்டுல முட்டி மடிஞ்சு விழுந்தா... சீ! உம்மையல்லவா நம்பினேன்! ரெண்டு பேரும் வெளியே போங்கவே. இனி இந்த வாசலை மிதிச்சீருன்னா நடக்கிறதே வேற!"

உண்மையைச் சொன்னதற்கு ஒரு நன்றியும் இல்லை. இனாயத் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த 'சீ' தனக்கு உரியதுதான் என்று தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவில் அக்பர் பாஷா எச்சில் தெறிக்கக் கத்தினார். "எம் மானத்தை வாங்கிட்டியே! உன் பொண்ணு உன் வூட்டுலயே கெடந்து சாவட்டும்! அடுத்த மாசமே காதருக்கு நிக்கா வெக்கறேன், பாத்துக்கினே இரு!"

"வெச்சுக்கோ" என்றார் இனாயத். சம்பந்தியிடம் அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்பர் பாஷா ஆத்திரத்தையெல்லாம் சாட்டையில் திரட்டிக் குதிரையின் விலாவில் இழுத்தார். தோல் தடித்தது. குதிரை தலையைத் தாழ்த்தியது. கத்தவில்லை. ஒரு காலில் புண், ஒரு காலில் லாடம் இல்லை. அந்தக் கோலத்தில் அதைக் கிண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். தெருவில் நின்றவர்கள், "குதிரை நல்ல பொறுமைசாலி" என்று பேசிக்கொண்டார்கள்.

இனாயத் வீட்டுக்கு வந்தபோது ஜஹீதா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, புர்காவை மடியில் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். மிளகாய்த்தூள்தான். இனாயத் அதை எடுத்துச் சாக்கடையில் விட்டெறிந்தார்.

"நீ அங்க போக வாணாம்மா. நான் இருக்கற வரைக்கும் இங்கயே இரு. அப்பால அல்லா வுட்ட வழி. அழவும் வாணாம்."

கல் வைத்ததையும், பிடுங்கியதையும், குதிரை அடிபட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், "குதிரை?" என்றாள்.

"அத்து... அவருதுதானே. இட்டுக்கினு போயிட்டாரு."

"லாடம்?"

இனாயத் பையைத் தொட்டார். லாடம் பைக்குள்தான் இருந்தது.

"லாடத்தைக் கழட்டிட்டு அப்படியேவா அனுப்புனே?" ஜஹீதா எழுந்தாள். குரல் கிறீச்சிட்டது. "கிண்டி வரைக்கும், அந்தக் கால்லயா? கல்லு ரோட்டுலயா? அந்த ஆளு அடிக்க அடிக்க நீ பாத்துக்கினு நின்னியா?"

"ஜஹீதா..."

"பேசாதே! கல்லை வெச்சது நீ! எனக்கு அழக் கத்துக் குடுத்ததும் நீ! நீயும் அவங்களும் ஒரே கும்பல்தான்! எங் கொழந்தை செத்தப்ப எனக்கு எப்படி இருந்திச்சின்னு ஒரு ஆளு கேட்டீங்களா? ஏன் அழுவலே, ஏன் அழுவலேன்னு... தூ! உங்க மூஞ்சியைப் பாத்தாலே குமட்டுது!"

சந்து முழுக்கக் கேட்டது. ஹாஜிரா பீ கதவை அரையாகத் திறந்து, "இன்னா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்று எட்டிப் பார்த்தாள். "உள்ள போ கெழவி! நாளைக்கு நாலு வூட்டுல போய்ச் சொல்லு, ஜஹீதா கத்தறான்னு!" என்று அவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இனாயத் சுவரோடு சுவராக நின்றார். ஒவ்வொரு வார்த்தையும் செருப்பால் அடித்ததுபோல விழுந்தது. நிறுத்தும்மா என்று அவர் சொல்லவில்லை. நிறுத்திவிடப் போகிறாளே என்றுதான் பயமாக இருந்தது.

அவள் புர்காவைத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். "சுத்தியலை எடு. ஆணி எடு."

"எங்கம்மா?"

"கிண்டிக்கு. அந்தக் காலுக்கு லாடம் அடிச்சுட்டு வரணும். குடுத்தாங்கன்னா குதிரையையே இட்டுக்கினு வரணும்."

"உள்ள வுடமாட்டாங்க."

"வுடாம இன்னா பண்ணுவாங்க? நான் பேசிக்கறேன். அழுவறதுக்குத்தானே தெருவுல நாலு பேரு வோணும்னாங்க? நாலு பேரு வரட்டும்."

குளத்தங்கரையில் ஒரு ஜட்கா பிடித்து ஏறினார்கள். வண்டிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. லஸ் முனையைத் தாண்டும்வரை ஜஹீதா தகப்பனைத் திட்டினாள். தாண்டிய பிறகும் திட்டினாள். நடைபாதையில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் சுத்தியலும் லாடமுமாக, தலையைக் குனிந்துகொண்டு இனாயத் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். தன் கையைப் பார்க்க அவருக்கு இன்னமும் கூசியது. நடுவில் மூச்சு வாங்க அவள் ஒரு கணம் நிறுத்தியபோது மட்டும் சட்டென்று தலையை நிமிர்த்தி, "அப்புறம்?" என்றார்.